"பிசினஸ் கேஷுவல்னா என்னண்ணே?" – மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் போகும் மெயிலில் கடைசி வரி, "உடை: பிசினஸ் கேஷுவல்". அந்த ஒரு வரிக்காக எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகங்கள், சம்பளத்தைப் பற்றி வருவதைவிட அதிகம். என் அப்பா முப்பது வருஷம் புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர் என்பது ஆபீசில் எப்படியோ பரவிவிட்டது. அதனால் வேலையில் சேராதவர்கள்கூட என்னிடம்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்ததை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

"அண்ணே, பிசினஸ் கேஷுவல்னா என்ன? ஃபார்மலா, சாதாவா?"

ரெண்டுக்கும் நடுவில். கோட்டும் டையும் வேண்டாம்; தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிற கோலமும் வேண்டாம். காலர் வைத்த சட்டை, துணி பேண்ட், பெல்ட், மூடிய ஷூ. இந்த நாலும் சுத்தமாக, அளவாக இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1960-களில் ஹவாய்த் தீவுகளில், வெள்ளிக்கிழமை மட்டும் பூப்போட்ட சட்டையோடு ஆபீசுக்கு வரலாம் என்று ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவியதும், எதுவரை சாதா, எதிலிருந்து அலங்கோலம் என்று யாருக்கும் தெரியவில்லை. 1992-ல் லீவைஸ் கம்பெனி "இப்படி உடுத்துங்கள்" என்று ஒரு சின்னக் கையேடு அச்சடித்து ஊர்ப்பட்ட மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. எல்லாம் தன்னுடைய டாக்கர்ஸ் பேண்ட்டை விற்கத்தான். ஆக, வெயில் அடிக்கிற ஊரில் முளைத்த பழக்கம் இது. நமக்குத் தோதாகத்தான் இருக்கும்.

"எந்தெந்த இடத்துக்கு இது சரியா வரும்?"

இலந்தைகுளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களில் தினசரி வேலைக்கு, மடீட்சியா அரங்கில் தொழில் கண்காட்சிக்கு, ஓட்டலில் நடக்கும் டீலர் மீட்டுக்கு, லோன் கேட்டு பேங்க் மேனேஜரைப் பார்க்க, படித்த காலேஜில் பேசக் கூப்பிட்டால். இண்டர்வியூவுக்கு மட்டும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்: அடர்நிற பேண்ட், வெளிர்நிற முழுக்கைச் சட்டை, கட்டாயம் இன் பண்ணி.

இடம் எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு படி மேலேயே போங்கள். போன இடம் சாதாவாக இருந்தால் கையை ரெண்டு மடிப்பு மடித்து இறங்கிக்கொள்ளலாம். டி-ஷர்ட்டில் போய் நின்றுவிட்டு மேலே ஏற வழியில்லை.

"கையில காசு கம்மி. முதல்ல எத்தனை செட்டு எடுக்கணும்?"

நாலு சட்டை, மூணு பேண்ட். சட்டைகளில் வெள்ளை ஒன்று, வெளிர் நீலம் ஒன்று, வெளிர் ரோஸ் அல்லது மெல்லிய கோடு ஒன்று, நாலாவது உங்கள் இஷ்டம். பேண்ட் அடர் நீலம், சாம்பல், பீஜ் (வெளிர் மணல் நிறம்). எதை எடுத்து எதோடு போட்டாலும் ஒத்துப்போகும். பன்னிரண்டு விதமாக வரும், ரெண்டு வாரத்துக்குப் போதும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். "மூணு சட்டை வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்பதற்காக வாங்காதீர்கள். அந்த நாலில் ஒன்றாவது பீரோவுக்குள் கிடக்கும், உங்களுக்கே தெரியும். ஒரு சட்டையைக் குறைத்து, அந்தக் காசை அடுத்த பதிலில் சொல்லப்போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"நல்ல விலைக்குத்தான் சட்டை எடுத்தேன். ஆனா போட்டா நல்லாவே இல்ல. ஏன்?"

அளவு. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அப்பா ஒரு ஆளைப் பார்த்தால் சட்டையின் நிறத்தைப் பார்க்க மாட்டார், தோளைத்தான் பார்ப்பார். கட்டைவிரலால் தோள் தையலைத் தடவிக்கொண்டே போய், எலும்பு முடிகிற மேட்டில் தையல் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவார். அதைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கியிருந்தால், "அண்ணன் சட்டையாப்பா?" என்பார். கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால், "தம்பியோடதா?" வந்தவர் சிரிப்பதற்குள் சாக்பீஸ் கையில் வந்துவிடும். நீங்களும் கடைக் கண்ணாடி முன்னால் முதலில் தோளைப் பாருங்கள். அப்புறம் மேல் பட்டனைப் போட்டுக் காலருக்குள் ரெண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். ஒரு ஸ்டூலில் உட்காருங்கள்; நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் பட்டன் பட்டி வாயைப் பிளந்தால் அந்த அளவு வேண்டாம். கையை நீட்டாமல் தொங்கவிட்டால் கஃப் மணிக்கட்டு எலும்பில் நிற்க வேண்டும். பேண்ட்டின் கால், ஷூவின் மேல் லேசாகத் தொட்டு ஒரே ஒரு சின்ன மடிப்போடு நிற்க வேண்டும். கணுக்காலில் துணி குவிந்து கிடந்தால் எவ்வளவு விலைக்கு வாங்கியிருந்தாலும் இரவல் பேண்ட்தான்.

தோளும் காலரும் கடையிலேயே சரியாக இருக்க வேண்டும். அவற்றைப் பிரித்துத் தைப்பது புதுச் சட்டை தைப்பதைவிடக் கஷ்டம், செய்தாலும் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பேண்ட் உயரம், பாட்டம் குறைப்பது எல்லாம் ஆல்ட்டர் செய்கிறவருக்குத் தண்ணி பட்ட பாடு. பேண்ட் இடுப்பைப் பிரித்து விடவும் முடியும், பின்பக்கத் தையலுக்குள் துணி விட்டிருந்தால். உள்ளே திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஆல்ட்டர் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணி விலையைத் தாண்டாது.

"ரெடிமேட் நல்லதா, தைக்கிறது நல்லதா?"

உடம்பு கடை அளவுக்குப் பொருந்தினால் ரெடிமேட். நீளக் கை, அகலத் தோள், குட்டைக் கால் என்று ஏதாவது ஒன்று கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு இருந்தால் தைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இருந்துகொண்டு தையல்காரர் இல்லை என்று சொல்லக் கூடாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: புது மண்டபம் என்பது மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. கல் யாளிக்குக் கீழே மெஷின், நாயக்கர் சிலைக்குப் பக்கத்தில் துணி மூட்டை என்று வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பட்டன் தைத்த தூண் எது என்று இப்போதும் காட்டுவேன். கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

துணி எடுக்கும்போது அகலத்தைக் கேளுங்கள். 58 இன்ச் அகலத்துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், 36 இன்ச் என்றால் ரெண்டே கால் முதல் ரெண்டரை மீட்டர் வரை. பேண்ட்டுக்கு அகலத்துணியில் 1.2 முதல் 1.3 மீட்டர். சுத்தக் காட்டன் என்றால் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் கை ஏறிவிடும், பழி தையல்காரர் மேல் விழும்.

அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆபீசுக்குப் போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போனால் பேண்ட் உயரம் சரியாக விழும். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை இருந்தால் அளவுச் சட்டையாகக் கொண்டு போங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் அவசரப்படுத்தினால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

"இந்த வெயில்ல முழுக்கையா? அரைக்கை போட்டா தப்பா?"

தப்பில்லை. சித்திரை மாதத்தில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் இருந்துகொண்டு லண்டன் கணக்கு பார்க்க முடியாது. ஆனால் கடைகளில் கிடைக்கும் அரைக்கைச் சட்டை பலதும் முழங்கை வரை தொங்கும், மணி மாதிரி விரிந்திருக்கும். அதுதான் அசிங்கம். கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் முடிந்து, புஜத்தை ஒட்டி நின்றால் அரைக்கையும் நன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால், முழுக்கை போட்டு முழங்கைக்குக் கீழே வரை ரெண்டு மூணு மடிப்பு மடித்துக்கொள்வதே மேல். மீட்டிங் அறைக்குள் ஏசி அடித்தால் இறக்கி பட்டன் போட்டுக்கொள்ளலாம்.

காட்டன், லினன், ரெண்டும் கலந்தது, இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். பாலியஸ்டர் கசங்காது, தேய்ப்புச் செலவு மிச்சம், உண்மைதான். ஆனால் வேர்வையை உறிஞ்சாது. பதினோரு மணிக்கே பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். லினன் கசங்கத்தான் செய்யும். அதன் சுபாவமே அப்படி, கொஞ்சம் கசங்கலோடு பார்ப்பதுதான் அதற்கு அழகு.

"வேர்வைக் கறை தெரியாம இருக்க என்ன கலர்? உள்ள பனியன் போடணுமா?"

வேர்வையை அதிகமாகக் காட்டிக்கொடுப்பது வெளிர் சாம்பல். அடுத்தது, வருத்தத்தோடு சொல்கிறேன், நான் மேலே வாங்கச் சொன்ன வெளிர் நீலம். வெள்ளையும் அடர் நீலமும் காட்டாது. அதனால் வெளிர் நீலத்தை நாள் முழுக்க ஏசியில் இருக்கிற நாளுக்கு வைத்துக்கொண்டு, அங்கே இங்கே அலைகிற நாளில் வெள்ளையை எடுங்கள்.

பனியன் போடுங்கள், அது வேர்வையைக் குடித்துக்கொள்ளும். ஆனால் மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் ஓரம் முழுக்க வெளியே தெரியும். முதுகில் அந்த வளைவைப் பார்த்தாலே பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வரும். உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழுப்போ சாம்பலோ போட்டால் தெரியாது. மேல் பட்டனைத் திறந்துவிடுகிறவர் என்றால் வி கழுத்து.

"காக்கி கலர் பேண்ட்தான் பிசினஸ் கேஷுவலாம். போட்டா போலீஸ் மாதிரி இருக்காதா?"

நியாயமான பயம். காக்கி என்றால் தூசி நிறம். உருது வழியாக வந்த பெயர். வெளிநாட்டு ஆபீஸ்களில் அது சாதாரண பேண்ட் நிறம்தான். இங்கே போலீஸ், ஆட்டோ, பஸ் டிரைவர் என்று மூன்று யூனிஃபாரம் அதற்குள் இருக்கிறது. அதனால் பச்சை கலந்த காக்கியை விட்டுவிட்டு, மணல் நிறம், பீஜ், கல் நிறம் எடுங்கள். மேலே வெள்ளை, அடர் நீலம், மெரூன் எது போட்டாலும் யாரும் உங்களிடம் லைசென்ஸ் எடுத்துக் காட்ட மாட்டார்கள். காக்கிச் சட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

யூனிஃபாரம் குழப்பம் காக்கியோடு முடிவதில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் போட்டுக்கொண்டு கே.கே. நகர் கோர்ட்டுப் பக்கம் போனால், "சார், ஒரு அஃபிடவிட்..." என்று யாராவது வருவார்கள். எனக்கு வந்திருக்கிறார்கள். வெளிர் நீலச் சட்டையும் அடர் நீல பேண்ட்டும் பல இடங்களில் செக்யூரிட்டி உடை. ஒரு கண்காட்சியில் அப்படி நின்றபோது ஒருவர் கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து வெளிர் நீலத்துக்கு சாம்பல் பேண்ட்தான் போடுகிறேன். வெள்ளைக்கு வெள்ளை போட்டால் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நான் கறுப்பா இருப்பேன். எந்தக் கலர் எடுக்கும்?"

அதிகம் வரும் கேள்வி இது, அதுவும் தனியாக மெசேஜில்தான் வரும். இதைக் கிளப்பிவிடுவது கடைக்காரர்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், நான் மெரூன் சட்டையைக் கையில் எடுத்ததும் சேல்ஸ் அண்ணன் அதை மெல்ல வாங்கி மடித்து வைத்துவிட்டு, சந்தன நிறத்தில் ஒன்றைப் பிரித்துப் போட்டார். "உங்களுக்கு லைட்டா இருந்தாத்தான் எடுக்கும் தம்பி." இருபது வயது வரை நான் சந்தன நிறத்திலேயே சுற்றினேன். மங்கலாக, சுவரோடு சுவராக.

கறுத்த தோலுக்குத் தெளிவான நிறங்கள் அத்தனையும் எடுக்கும்: பளிச் வெள்ளை, அடர் நீலம், பாட்டில் பச்சை, மெரூன், கடுகு மஞ்சள், வெளிர் ரோஸ். சிவந்த நிறக்காரர்கள் ரோஸ் போட்டால் முகம் வெளிறும், நமக்கு முகம் எழும்பும். எடுக்காதது ஒன்றுதான்: தோலின் நிறத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் மங்கிய பழுப்பு, அழுக்குச் சந்தனம். கடையில் ட்யூப்லைட்டை நம்பாதீர்கள். துணியை முகத்தருகே பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

"ஜீன்ஸ், டி-ஷர்ட் போடலாமா?"

கிழிசல், வெளுப்பு, தையல் வேலைப்பாடு இல்லாத அடர் நீல ஜீன்ஸ் பல ஆபீசில் ஓடும். போய்ச் சேர்ந்த முதல் வாரம் மற்றவர்கள் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். டி-ஷர்ட் என்றால் காலர் வைத்தது, ஒரே நிறம், நெஞ்சில் வாசகம் இல்லாதது. காலர் சுருண்டுவிட்டதா, வீட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

"ஷூ போட்டாத்தான் ஆகணுமா? செருப்பே பழகிப்போச்சு."

ஆகணும். முதல் ஜோடி பழுப்பு நிறத் தோல் ஷூ. மேலே சொன்ன மூன்று பேண்ட்டுக்கும் போகும். கயிறு கட்டுவதைவிடக் காலை நுழைத்துக்கொள்கிற லோஃபர் நம் ஊருக்குத் தோது. ஆடிட்டர் ஆபீஸ், டாக்டர் கிளினிக், முதலாளி வீடு என்று வாசலிலேயே கழற்றச் சொல்லும் இடங்கள் இங்கே அதிகம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கயிறு அவிழ்ப்பதை முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே காரணத்துக்காக, சாக்ஸில் ஓட்டை இருக்கக் கூடாது.

பெல்ட்டின் நிறம் ஷூவோடு ஒத்துப்போக வேண்டும், சாக்ஸின் நிறம் பேண்ட்டோடு. ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் உள்ளே காயும், நாற்றம் பிடிக்காது. ரெண்டாவது ஜோடி வாங்க முடிந்ததும் கறுப்பு வாங்குங்கள். அலங்காரம் இல்லாத வெள்ளை ஸ்னீக்கர் இப்போது பல இடத்தில் ஏற்கிறார்கள், ஆனால் அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். நம்ம ரோட்டுப் புழுதியில் அது ஒரு தனி வேலை.

"தொப்பை இருக்கு. இன் பண்ணவா, வெளிய விடவா?"

சட்டையின் அடி ஓரத்தைப் பாருங்கள், அதுவே சொல்லும். முன்னும் பின்னும் வாலாக வளைந்து இறங்கினால் இன் பண்ணத் தைத்தது. நேராக வெட்டியிருந்தால் வெளியே விடலாம். அப்போது ஜிப்பின் பாதி வரை வந்தால் போதும். தொடை வரை தொங்கினால் தொப்பையை மறைக்காது, ஆளைக் குட்டையாக்கும்.

இன் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு, பெல்ட்டைத் தொப்பைக்கு அடியில் கட்டுவது. வயிறு அதன் மேல் வழியும், பேண்ட் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏற்றிக் கட்டுங்கள். அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி பேண்ட்டில் முன்னால் ஒரு ப்ளீட் (மடிப்பு) வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சட்டை இறுக்கமாக இருந்தால் வயிறு கூடுதலாகத் தெரியும், லொடலொடவென்று இருந்தாலும் அப்படித்தான். மறுபடியும் அளவு கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

"திருமங்கலத்துலருந்து பைக்ல வர்றேன். வந்து சேர்றதுக்குள்ள சட்டை சட்டினியாயிடுது."

இன் பண்ணாமல் ஓட்டுங்கள், வந்து இறங்கிய பிறகு இன் பண்ணுங்கள். சட்டையின் மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் புழுதியும் புகையும் அதோடு போகும். முக்கியமான நாள் என்றால் டி-ஷர்ட்டில் வந்து ஆபீசில் மாற்றுவதுதான் உத்தமம். சட்டையை மடித்து, உள்ளே ஒரு செய்தித்தாளை வைத்துப் பையில் கடைசியாக, மேலாகப் போடுங்கள். பையைத் தோளில் குறுக்கே மாட்டாதீர்கள், அதுதான் நெஞ்சில் அந்தக் கோணல் கோட்டைப் போடுகிறது. ஒரு சின்ன சீப்பு, கைத்துண்டு. ஹெல்மெட் தலையோடு உள்ளே போய்விடாதீர்கள்.

"தேய்ப்பு வண்டிக்காரர்ட்ட கொடுத்தா போதும்ல?"

போதும், ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். கரிப்பெட்டியில் சூடு கூடக் குறைய இருக்கும். அடர்நிற பேண்ட்டை நேராகத் தேய்த்தால் தையல் மேட்டிலும் பாக்கெட் ஓரத்திலும் பளபளவென்று ஏறிவிடும், அது போகாது. "உள்பக்கம் திருப்பித் தேய்ங்கண்ணே, இல்லேன்னா மேல ஒரு துணி போட்டுக்கங்க" என்று சொன்னால் செய்வார்கள். லினனை லேசான ஈரத்தோடு தேய்த்தால்தான் படியும். வீட்டில் நீங்களே தேய்ப்பதாக இருந்து நேரமும் இல்லாவிட்டால், காலர், கஃப், பட்டன் பட்டி இந்த மூன்றை மட்டும் தேயுங்கள். எதிரே உட்கார்கிறவர் பார்ப்பது அதைத்தான்.

"நெத்தில திருநீறு, கைல கயிறு இருந்தா பரவாயில்லையா?"

தாராளமாக. கயிறு பழசாகி நூல் நூலாகப் பிரிந்து தொங்கினால் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சட்டைப் பையில் போன், பேனா, கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் திணிப்பதுதான் உண்மையான பிரச்சனை. எவ்வளவு நல்ல சட்டையையும் அது ஒரு பக்கம் இழுத்துவிடும்.

"கோட்டு ஒண்ணு வாங்கி வைக்கலாமா?"

ஒன்று இருக்கட்டும். அடர் நீல பிளேசர், உள்லைனிங் இல்லாதது அல்லது பாதி லைனிங். சாயந்தரம் ஏசி ஹாலில் நடக்கும் நிகழ்ச்சிக்கு, டை இல்லாமல், வெள்ளைச் சட்டைக்கு மேல். பகலில் மாசி வீதிகளில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்களுக்கே வேர்க்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, கடையில் பல பேர் சொல்ல மாட்டார்கள். பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி போல ஒரு நூல் தையல் இருக்கும்; அது கோட்டு கசங்காமல் வந்து சேர்வதற்காகப் போட்டது. கை ஓரத்தில் கம்பெனிச் சீட்டு ஒன்று தைத்திருக்கும். ரெண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள். எனக்கு இது அப்பா சொல்லித் தெரிந்தது, அதுவும் என் ரிசப்ஷன் முடிந்து போட்டோ ஆல்பம் வந்த பிறகு. ரெண்டு பட்டன் கோட்டு என்றால் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும், கீழ்ப் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள்.

"வேட்டி கட்டிட்டுப் போனா பிசினஸ் கேஷுவல்ல சேருமா?"

என் கணக்கில் சேரும். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியை உள்ளே விடாமல் அது பெரிய சர்ச்சையானது. அதே வருஷம், கிளப்பிலோ பொது இடத்திலோ வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு சட்டமே போட்டுவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் மதுரையில் யார் கேட்பார்கள்? 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையை விட்டு இடுப்பில் அரை வேட்டிக்கு மாறியதே நம் ஊர் மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் வைத்துத்தான்.

ஆனால் எல்லா நாளுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பொங்கல் சமயம், திறப்பு விழா, ஊர்ப் பெரிய மனிதர்களைப் பார்க்கப் போவது என்றால் பேண்ட்டைவிட எடுப்பாக இருக்கும். படியேறி இறங்கி மெஷின் பார்க்கிற தொழிற்சாலை விசிட்டுக்கு வேண்டாம். கரை ஒல்லியாக, தங்க நிறத்திலோ சட்டையோடு ஒத்துப்போகும் நிறத்திலோ இருக்கட்டும். சில இரட்டை நிறக் கரைகளைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் நீங்கள் எந்தக் கட்சி என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். முழுக்கைச் சட்டையை வெளியே விட்டு, கீழே தோல் செருப்பு, ஷூ வேண்டாம். மடித்துக் கட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் நிற்குமோ என்ற பயம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கிடைக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அதைத்தான் கட்டுகிறேன்.

"சுங்குடில சட்டை தைச்சுப் போட்டா ஓவரா இருக்குமா?"

புள்ளி சின்னதாக, நிறம் அடர்த்தியாக இருந்தால் ஓவர் இல்லை. அடர் நீலத்தில் வெள்ளைப் புள்ளி, சாம்பல் பேண்ட்டோடு அருமையாக இருக்கும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய துணி, நம் சௌராஷ்டிர மக்கள் கைவேலை. வெளியூர் ஆட்கள் "இது என்ன துணி?" என்று கேட்டால் அங்கிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, பிரிண்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சு போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. முதல் ரெண்டு மூணு சலவை தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கும்.

"ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கேன். கார்த்திகைல வெளிநாட்டு கிளையண்ட் வர்றாங்க. என்ன பண்றது?"

முதலில் உங்கள் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருகிறவர்களிடம் ரெண்டு வரியில் அவர் சொல்லி வைப்பார். "41 நாள் விரதம், கறுப்பு உடுத்துவார், சவரம் செய்ய மாட்டார், செருப்பு போட மாட்டார்." இப்படிச் சொன்னால் புரியாதவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. தெரியாமல் பார்த்தால்தான் வெறுங்கால் விநோதமாகத் தெரியும்.

விரதத்தை விட்டுக்கொடுக்காமலே நன்றாக உடுத்தலாம். வெளுத்துப் பழுப்பேறிய கறுப்புக்குப் பதிலாக, அழுத்தமான கறுப்பில் முழுக்கைச் சட்டை, தேய்த்தது. கீழே கறுப்பு வேட்டியோ கறுப்பு பேண்ட்டோ, உங்கள் குருசாமி சொல்கிறபடி. தாடியைக் கழுவிச் சீவிக்கொள்ளுங்கள். துளசி மாலை சட்டைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் சரிதான். முருகனுக்கு மாலை போட்டுப் பச்சையோ காவியோ உடுத்துகிறவர்களுக்கும் இதே பதில்.

"வீடியோ கால்தானே, மேல மட்டும் சட்டை போட்டா போதாதா?"

போதும், நடுவில் கரண்ட் போய் மோடம் பக்கம் எழுந்து போக நேராத வரை. கைலி தெரிந்த கதைகள் எங்கள் ஆபீசிலேயே ரெண்டு இருக்கின்றன. நெருக்கமான மெல்லிய கோடு, சின்னக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும். ஒரே நிறச் சட்டை போடுங்கள்.

"அண்ணே, நாளைக்குக் காலைல மீட்டிங். இப்ப ராத்திரி மணி ஒன்பது. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

இருக்கிற சட்டைகளை எல்லாம் கட்டிலில் போடுங்கள். தோள் சரியாக உட்காரும் ஒன்றை எடுங்கள், நிறம் எதுவானாலும் சரி. காலர், கஃப், பட்டன் பட்டியைத் தேயுங்கள். இருப்பதிலேயே அடர்த்தியான பேண்ட். கால் நீளமாக இருந்தால் உள்பக்கம் மடித்து, அதே நிற நூலில் நாலு தையல் நீங்களே போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது. ஷூவைத் துடைத்து, கொஞ்சம் பாலிஷ். நகம் வெட்டுங்கள். காலையில் வெள்ளன எழுந்து சவரம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் சட்டை இரவல் கேட்கப் போவதானால், இப்போதே போங்கள். மதுரை தூங்கா நகரம்தான், ராத்திரி ரெண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும். காஜா எடுக்க ஆள் கிடைக்காது.